சைலன்சரை மாற்றப் புறப்பட்ட தம்பிகளுக்கு

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஸ்விஃப்ட், ஐ10, போலோ, பலேனோ என்று சின்ன கார் வைத்திருக்கிற, அதன் புகைக்குழாயை மாற்றினால் பத்துக் குதிரை கூடும் என்று நம்புகிற தம்பிகளுக்கும், அந்தக் கூட்டத்தில் இப்போது கூடிவரும் தங்கச்சிகளுக்கும்,



சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கப்போவது சத்தம். அதைச் சத்தம் என்று சொல்லியே வாங்குங்கள். "பத்துக் குதிரை கன்ஃபார்ம்ங்க, பிக்கப்பு பிச்சுக்கும்" என்று யாராவது விற்றால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பழசைக் கழற்றும் முன் குழாய்க்குள் அழுத்தம் எவ்வளவு இருந்தது, புதுசை மாட்டிய பின் எவ்வளவு? அவர் கேஜை எடுத்து வந்தால் உட்கார்ந்து பேசலாம். சிரித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்திக் காட்டினால் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இது வண்டியைத் தொடவே கூடாது என்று சொல்லும் மடல் இல்லை. அப்படிச் சொல்ல நம் ஊரில் ஒருவருக்கும் வாய் வராது. எஸ். கரிவரதன் 1980-களின் கடைசியில் மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் வைத்து ஃபார்முலா மாருதி என்று ஓடவிட்டார். 796 சிசி, மூன்று சிலிண்டர். வீட்டு வாசலில் நிற்கிற வண்டியில் நாற்பது குதிரையைத் தாண்டாத எஞ்சின் அது. அந்த வண்டியில் கை பழகியவர்களில் ஒருவரான நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்குக் கரிவரதன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். கழற்றிப் பார்ப்பதும் மாற்றி மாட்டுவதும் இங்கே யாரும் கூச்சப்பட வேண்டிய காரியமில்லை.

ஆனால் பாருங்கள், இதே ஊரில் லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் இல்லாமல் ஒரு புஷ்கூடக் கடைவதில்லை. எக்ஸாஸ்ட் வேலை மட்டும் காதால் அளந்து நடக்கிறது. என் சண்டை அதோடுதான்.

கணக்குக்கு வருவோம். தெருவுக்குத் தெரு நிற்கிற 2018 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்கிறேன். 1197 சிசி, நான்கு சிலிண்டர், 6000 சுற்றில் 83 குதிரை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆகையால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 50 முறை. 1.197 லிட்டரை 50-ஆல் பெருக்குங்கள்: சிலிண்டர்கள் முழுக்க நிரம்பினால் நொடிக்கு 60 லிட்டர். உள்ளே போகும்போதுதான் அது 60. எரிந்து 800 டிகிரிச் சூட்டில் வெளியே வரும்போது மூன்றரை மடங்கு பெருத்திருக்கும். அவ்வளவையும் உங்கள் பின்பக்கக் குழாய் வழிவிட்டு அனுப்ப வேண்டும்.

பிஸ்டன் மேலே ஏறும்போது இந்தப் புகையைத் தள்ளித்தான் ஏறுகிறது. குழாயில் அழுத்தம் இருந்தால் தள்ளுகிற செலவு கூடும். எவ்வளவு கூடும் என்பதை யாரும் சொல்வதில்லை. நாமே போட்டுப் பார்ப்போம். புதுச் சைலன்சர் அழுத்தத்தை 0.2 பார் குறைத்துவிட்டது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 0.2 பார் என்றால் 20 கிலோபாஸ்கல். பிஸ்டன்கள் நொடிக்கு 60 லிட்டர் இடத்தைத் தள்ளிக் காலி செய்கின்றன. இரண்டையும் பெருக்கினால் 1.2 கிலோவாட். குதிரைக் கணக்கில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். சிலிண்டருக்குள் தங்கிப்போகும் பழைய புகை குறைவதால் புதுக் காற்றுக்குச் சிறிது கூடுதல் இடம் கிடைக்கும். அதற்கும் ஒன்று, ஒன்றரை சேர்த்துக்கொள்ளலாம். ஆக மூன்று. 83-க்கு 86. இது நான் வள்ளலாக அள்ளிப் போட்ட கணக்கு.

அந்த மூன்றும் 6000 சுற்றில் மட்டும்தான். குழாயில் அழுத்தம் ஓட்டத்தின் இருமடியாக ஏறும். 3000 சுற்றில் ஓட்டம் பாதி, அழுத்தம் கால்வாசி, தள்ளும் செலவோ எட்டில் ஒரு பங்கு. அங்கே நீங்கள் மிச்சம் பிடிப்பது கால் குதிரைகூட இல்லை. அவிநாசி சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் போகிறவர் 3000-ஐத் தாண்டுவதே அபூர்வம். ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய பொருள் நாள் முழுவதும் வேலை செய்யாமல் உங்களோடு ஊர் சுற்றி வருகிறது.

அந்த மூன்றை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோவையில் கோடைக் காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். காற்று பத்து டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி மூன்று சதவீதம் குறையும். 83-இல் மூன்று சதவீதம் எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்தச் சைலன்சர் தருகிற அத்தனையும். அதனால்தான் குதிரையை அளக்கும் டைனோ எந்திரத்தின் தாளை நீட்டினால் முதலில் வெப்பநிலையைப் பார்க்கச் சொல்கிறேன். "முன்பு" மதியத்திலும் "பின்பு" மறுநாள் காலையிலும் எடுத்திருந்து, வெப்பத்துக்கான திருத்தமும் போடாமல் இருந்தால், அந்தத் தாள் அளந்தது வெயிலை.

"இல்லண்ணா, எனக்கே தெரியுது, வண்டி முன்ன மாதிரி இல்ல" என்பீர்கள். தெரியும், நம்புகிறேன். சத்தம் பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு அது இரண்டு மடங்காகக் கேட்கும். காது சொல்வதை உடம்பு நம்பிவிடும். இன்னொன்றும் நடக்கிறது; அதை ஓட்டுகிறவர் கவனிப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். புதுச் சத்தத்தைக் கேட்கிற ஆசையில் கால் முன்பைவிட ஆழமாக அழுத்துகிறது, கியர் முன்பைவிடத் தாமதமாக விழுகிறது. 4500 சுற்றில் பிடித்துக்கொண்டே போனால் எந்த ஸ்விஃப்ட்டும் பறக்கத்தான் செய்யும், கம்பெனிச் சைலன்சரோடும். சந்தேகம் இருந்தால் ஓபிடி சாக்கெட்டில் ஒரு ரீடரைச் செருகுங்கள். மூன்றாம் கியரில் 40-லிருந்து 80 வரை, காலியான ஒரே சாலை, ஒரே அளவு பெட்ரோல், போகும் திசையில் ஒன்று, திரும்பும் திசையில் ஒன்று. மாற்றுவதற்கு முன்னும் பின்னும். நேரத்தைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு அப்புறம் என்னிடம் பேசுங்கள்.

கடைகளில் புழங்கும் இன்னொரு வேதவாக்கு: "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்ங்க." வேண்டாம். எந்த எஞ்சினுக்கும் எதிர் அழுத்தம் நல்லது செய்யாது. ஆனால் குழாயை மிகப் பெரிதாக்கினால் கீழ்ச் சுற்றில் இழுவை குறையும் என்பது உண்மைதான். அதற்குக் காரணம் வேறு. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய் வழியே நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். குழாய்கள் சேருமிடத்தை, அதாவது விட்டம் சட்டென்று விரியும் இடத்தை, அடைந்ததும் அது தாழ் அழுத்த அலையாகத் திரும்பி வரும். எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வும் திறந்திருக்கிற ஒரு சிறு இடைவெளி உண்டு. திரும்பி வந்த அலை சரியாக அந்த நேரத்தில் வால்வடிக்கு வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுக் காற்றையும் உள்ளே இழுத்துவிடும். 6000 சுற்றில் ஒரு சுற்று முடிய நூறில் ஒரு நொடிதான். அதற்குள் இந்த ஆட்டம் நடந்து முடிய வேண்டும். குழாயின் நீளம், விட்டம், சூடு மூன்றும் சேர்ந்துதான் அலை எந்தச் சுற்றில் நேரத்துக்கு வரும் என்பதை முடிவு செய்கின்றன. கம்பெனிக்காரர் அதை நகர ஓட்டத்துக்குத் தோதாக வைத்திருப்பார். நீங்கள் இரண்டரை அங்குலக் குழாயைப் போட்டால் புகையின் வேகம் செத்து, சூடு குறைந்து, அலையின் பலமும் கெட்டுவிடும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் இரண்டாம் கியரில் 2000, 2500 சுற்றிலிருந்துதான் வண்டியை எழுப்ப வேண்டும். அங்கே வேண்டியது கீழ்ச்சுற்று இழுவை. 83 குதிரை வண்டிக்கு ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு மேல் குழாய் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு அங்குலத்தை விற்பவர் உங்கள் எஞ்சினைப் பார்த்து விற்கவில்லை, தன் கடை இருப்பைப் பார்த்து விற்கிறார். ஊட்டியை நினைத்து மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2240 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே எஞ்சின் திணறுவது காற்று பற்றாமல். பின்னால் எதைத் திறந்துவிட்டாலும் அது தீராது.

நிஜமாகவே ஆதாயம் எங்கே இருக்கிறது என்றால் முன்பக்கத்தில், எஞ்சின் தலையில் போல்ட் போட்டு நிற்கிற மேனிஃபோல்டில். ஆட்கள் பின்னாலிருந்து மாற்ற ஆரம்பிக்கிறார்கள். ஏனென்றால் பின்னால் இருப்பது கண்ணில் படும். நான்கு சிலிண்டரில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றாவதும் நான்காவதும் ஒன்றுக்கொன்று ஒரு முழுச் சுற்று தள்ளி வெடிக்கின்றன. இரண்டும் மூன்றும் அப்படியே. அந்த ஜோடிகளை முதலில் சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்குவதுதான் 4-2-1 ஹெடர். ஒரே கதவுள்ள டவுன் பஸ்ஸில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முட்டிக்கொள்வது போல ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் வழியை மறிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. நான்கையும் ஒரே இடத்தில் சேர்க்கும் 4-1 வகை மேல்சுற்றில்தான் பலன் காட்டும். பந்தயத் தடத்தில் 5000-க்குக் கீழே இறங்காமல் ஓட்டுகிறவருக்கு அது சரி. உங்களுக்கு அல்ல.

நல்ல ஹெடர் செய்வது கைவேலை. உள்விட்டம் நசுங்காமல் மாண்ட்ரல் போட்டு வளைத்த குழாய் வேண்டும். மணல் நிரப்பி வளைத்தாலும் பரவாயில்லை. வெறுமனே நசுக்கி வளைத்ததை வாங்காதீர்கள். வெல்டிங் மணி உள்பக்கம் துருத்திக்கொண்டு நின்றால் போட்ட காசு வீண். ஃபிளாஞ்சின் துளை, பேக்கிங்கின் துளை, தலையின் துளை மூன்றும் ஒரே விளிம்பில் நிற்கின்றனவா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் லாம்டா சென்சருக்கு முன்னால் மயிரிழைக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும். அதைக் கண்ட சென்சர் கலவையில் பெட்ரோல் குறைவு என்று எஞ்சின் கணினியான ஈசியூவுக்குப் பொய்த் தகவல் கொடுக்கும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். "ஃப்ரீ ஃப்ளோ போட்டதுக்கப்புறம் மைலேஜ் விழுந்திருச்சு" என்கிற புலம்பலில் இப்படிக் கசிவால் வந்தவையும் உண்டு.

மேனிஃபோல்டைப் பற்றிச் சொல்லிவிட்டு அதன் கீழே இருப்பதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தக் கடைக்காரர்தான். இன்றைய சின்ன கார்களில் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சூடு அதில் சீக்கிரம் ஏறட்டும் என்று வேண்டுமென்றே அங்கே வைத்தார்கள். ஏனெனில் 300 டிகிரியை நெருங்கும்வரை அது வேலையே செய்யாது. உள்ளே தேன்கூடு மாதிரி நுண்துளைகள் கொண்ட பீங்கான், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் பிடித்து கார்பன் டையாக்ஸைடு, தண்ணீர், நைட்ரஜன் என்று மாற்றி வெளியே விடுகிறது. 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ் 6 வண்டிகள்தான் விற்க வேண்டும் என்று ஆனது. அந்த விதியின் பாரத்தைச் சுமப்பதில் பெரும்பங்கு இந்தச் சின்ன டப்பாவுக்கு.

அதுவும் புகைக்கு ஒரு தடைதான், மறுக்கவில்லை. அதை எடுத்தால் சைலன்சரை எடுப்பதைவிட நிச்சயமாகக் கொஞ்சம் சக்தி கூடும். கடைகளில் தொங்குகிற ஹெடர்களில் பலவும் கேடலிட்டிக்கோடு சேர்ந்த மேனிஃபோல்டைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் மாட்டப்படுகின்றன. "ஹெடர் போட்டோம், ஆறு குதிரை கூடிச்சு" என்பதில் ஹெடரின் பங்கு எவ்வளவு, கேடலிட்டிக்கைக் கொன்றதன் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. எடுத்த பிறகு டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு எரியும், P0420 என்று பிழைக் குறியீடு வரும். அதை அணைக்க, கேடலிட்டிக்குக்குப் பின்னால் இருக்கும் சென்சரைப் புகைப் பாதையிலிருந்து தள்ளி வைக்கிற ஒரு ஸ்பேசரைத் திருகி ஏமாற்றுவார்கள். ஏமாறுவது கணினி மட்டும்தான். சூடான எஞ்சினோடு கேடலிட்டிக் இல்லாத ஒரு காருக்குப் பின்னால் காந்திபுரம் சிக்னலில் ஸ்கூட்டரில் நின்று பாருங்கள், கண் எரியும். கண்ணை எரிக்காத, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு அதைவிட மோசம். மூன்று குதிரைக்காக இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கவில்லை. செய்கிறவரோடு எனக்குப் பேச்சு இல்லை, அவ்வளவுதான். கழற்றிய கேடலிட்டிக் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். அதிலிருக்கிற உலோகங்களுக்காகவே பழைய சாமான் வியாபாரத்தில் அதற்கு நல்ல விலை உண்டு. "ஃபிட்டிங் ஃப்ரீ" என்று சொல்பவர் எதில் ஈடுகட்டுகிறார் என்று அப்போது புரியும்.

2024-இல் வந்த புது ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அது மூன்று சிலிண்டர். 240 டிகிரிக்கு ஒருமுறை வெடிப்பதால் ஒன்றின் புகை இன்னொன்றை அவ்வளவாக மறிக்காது. முட்டலே இல்லாத இடத்தில் முட்டலைத் தீர்க்கும் ஹெடருக்கு என்ன வேலை? பழைய ஸ்விஃப்ட் அண்ணன்கள் சொன்ன 4-2-1 கதையெல்லாம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

டர்போ வண்டிக்காரர்கள் இதுவரை படித்துவிட்டு "இதெல்லாம் நமக்கில்லை" என்று நினைத்திருப்பீர்கள். பாதி சரி. டர்பைன் சுழல்வது அதன் முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில். பின்பக்கத்தைத் தளர்த்தினால் அது சீக்கிரம் எழும்பும். ஆகவே டர்போவை ஒட்டி வரும் டவுன்பைப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் பூஸ்ட் எவ்வளவு ஏற வேண்டும் என்று முடிவு செய்வது ஈசியூ. அது தன் இலக்கைத் தாண்ட விடாது. ஆகவே ஈசியூவின் நிரலை மாற்றும் ரீமேப் இல்லாத டவுன்பைப்பில் சக்தியைவிடச் சத்தமே அதிகம். போலோ 1.0 டிஎஸ்ஐ 110 குதிரை. ரீமேப் மட்டும் செய்தே இருபதுக்கு மேல் கூட்டுகிறார்கள், ஒரு குழாயையும் தொடாமல். அந்த எஞ்சின் குடும்பத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எஞ்சின் தலைக்குள்ளேயே வார்க்கப்பட்டு, சுற்றிலும் கூலன்ட் ஓடுகிறது. அதற்கு ஹெடர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் பானெட்டைத் திறந்து பார்த்ததே இல்லை. கூட்டிய இழுவையைத் தாங்க வேண்டியது கிளட்சும் கியர்பாக்ஸும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பழைய 1.2 ஜிடி டிஎஸ்ஐயின் ஏழு கியர் டிஎஸ்ஜி 250 நியூட்டன் மீட்டருக்குச் செய்யப்பட்டது. அந்த எஞ்சினின் 175 நியூட்டன் மீட்டர் இழுவையை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் அந்தச் சுவரில்தான் போய் முட்டுவார்கள்.

நம் ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து 2018-இல் டியாகோ ஜேடிபி என்று ஒரு வண்டி கொண்டுவந்தது. சாதா பெட்ரோல் டியாகோ 85 குதிரை, இது 114. அந்த இருபத்தொன்பதும் டர்போ எஞ்சினை வைத்ததால் வந்தவை. எக்ஸாஸ்ட்டையும் அவர்கள் தொட்டார்கள், சத்தத்தை அழகாக்குவதற்கும் சேர்த்துத்தான். பந்தயத்தில் பழம் தின்றவர்களே சக்திக்கு ஒரு வழி, சத்தத்துக்கு ஒரு வழி என்று பிரித்துத்தான் வேலை பார்த்தார்கள். வண்டி சான்றிதழ் வாங்கி ஷோரூமில் விற்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரிவாகச் சொன்னால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் 190-ஆம் பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் போகும். கார் கடந்துபோகும்போது எழுப்பலாம் என்று அங்கீகாரச் சோதனையில் வைத்திருக்கும் வரம்பு 74 டெசிபல். இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மாற்றிய வண்டி ஒருநாள் மோதினால் அவர் தேடப்போகிற சாக்கு எது என்று உங்களுக்கே தெரியும்.

சட்டத்தைவிட எனக்குக் கவலை, சத்தத்தோடு வாழப்போவது யார் என்பது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 சுற்றில் நொடிக்கு நூறு முறை வெடிக்கிறது. சேலம் சாலையில் ஐந்தாம் கியரில் நூறைத் தொட்டால் ஸ்விஃப்ட் அந்தச் சுற்றை ஒட்டித்தான் ஓடும். ரெசனேட்டரை எடுத்துவிட்ட வண்டியில் அந்த நூறு ஹெர்ட்ஸ் முழக்கம் கேபினுக்குள் சுற்றிச் சுற்றி அடிக்கும். பெருந்துறை தாண்டுவதற்குள் பின்சீட்டில் அம்மா "என்ன கண்ணு இது, தலையே வெடிக்குது" என்று சொல்லிவிடுவார். கம்பெனி அந்த ரெசனேட்டரை வைத்ததே இந்த ஒரு முழக்கத்தைக் கொல்வதற்காக. ராத்திரி பதினொரு மணிக்கு ரேஸ்கோர்ஸைச் சுற்றுகிறவர்களுக்கு: அங்கே வீடுகளில் வயசானவர்கள் தூங்குகிறார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு பக்கம் போகிறவர்களுக்கு: அது யானை கடக்கும் இடம். இதற்கு மேல் விளக்க மாட்டேன்.

மாற்றித்தான் ஆக வேண்டிய வண்டிகளும் உண்டு. எட்டு, பத்து வருஷம் ஓடி, ஆயில் எரித்து, மிஸ்ஃபயரோடு ஓட்டப்பட்ட வண்டியில் கேடலிட்டிக்கின் தேன்கூடு உருகி அடைத்திருக்கும். தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட வண்டி மேட்டில் ஏறாது, 3500-க்கு மேல் சுற்றாது, கிளட்ச் போச்சு என்று ஏமாந்து கிளட்சை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அங்கே புதுக் கேடலிட்டிக் போட்டால் பத்து அல்ல, இருபது குதிரையும் திரும்பும்; ஆனால் அது உங்களிடம் இருந்து தொலைந்துபோனது, கூடுதலாக வந்ததல்ல. அடைத்த காரணத்தைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதுசும் அதே வழியில் போகும். சைலன்சர் துருப்பிடிப்பதும் இப்படித்தான் உள்ளிருந்து வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று சூடேறாமலே ஓட்டினால் அந்தத் தண்ணீர் சைலன்சர் அடியில் தேங்கும். அடியில் ஒரு சிறு துளை இருக்கும், தண்ணீர் வடிவதற்கு. "லீக்கு" என்று நினைத்து அதையும் வெல்டு வைத்து அடைத்துவிடுகிற புண்ணியவான்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வேகமாகப் போகத்தான் ஆசை என்றால் அந்தக் காசுக்கு நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்கள். ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். மிச்சக் காசுக்குச் செட்டிபாளையத்தில் பொதுவானவர்களுக்குத் தடத்தைத் திறந்துவிடும் நாளில் போய் ஓட்டுங்கள். அங்கே முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும், உங்கள் வண்டியில் குறைவது குதிரையா, வேறெதுவா என்று.

சத்தம்தான் வேண்டும் என்று நேர்மையாக ஒத்துக்கொள்கிறவரிடம் எனக்கு மரியாதை உண்டு. அவருக்குச் சொல்வது: கேடலிட்டிக்கையும் ரெசனேட்டரையும் தொடாதீர்கள், எதை மாட்ட நினைத்தாலும் அது ஒலி வரம்புக்குள் நிற்கிறது என்று எழுதிக் கொடுக்கிறவரிடம் மட்டும் பேசுங்கள், எழுதித் தர மறுத்தால் விடை கிடைத்துவிட்டது. கழற்றும் பழைய பாகங்களை அங்கேயே விட்டு வராதீர்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கேடலிட்டிக்குக்கு முன்னால் இருக்கிற லாம்டா சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தக் கேஜைத் திருகி, எஞ்சினை 2500 சுற்றில் ஓடவிட்டுப் பாருங்கள். முள் 3 பிஎஸ்ஐக்குக் கீழே நின்றால் அடைப்பு எதுவும் இல்லை, குழாயில் காசைப் போடாதீர்கள். மேலே போனால் எங்கே அடைத்திருக்கிறது என்று தேடுவோம். என்னிடம் கேஜ் இருக்கிறது, கணபதிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் சிநேகிதர்களிடமும் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். சென்சருக்கு 22 எம்எம் ஸ்பானர் வேண்டும், ஒயர் போக வெட்டு விட்டது. எஞ்சின் ஆறிப்போயிருந்தால் சென்சர் கழலாது, கொதித்துக்கொண்டிருந்தால் கை போய்விடும். வெதுவெதுப்பாக இருக்கும்போது கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்